தார்ப்பாய்க்கு அடியில் மூவாயிரம் டன்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அது ஊரறிந்த விஷயம். ஆனால் என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது இரண்டு மூன்று தடவைதான். அதில் ஒன்று, அமைச்சிலிருந்து அந்த அம்மாள் எங்கள் இரும்பாலையைப் பார்க்க வந்த நாள்.

திகாம் பத்து ஊரைத் தாண்டி குருன் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் ஆலை. கட்டடம் கட்டும் கம்பி செய்கிறோம். நான் குணவதி, பத்தொன்பது வருடமாக அங்கே சோதனை அறையில் இருக்கிறேன். கம்பியை இழுத்துப் பார்க்க வேண்டும், வளைத்துப் பார்க்க வேண்டும். விரிசல் விட்டால் யார் முகத்தையும் பார்க்காமல் அத்தனையையும் திருப்பி அனுப்ப வேண்டும். என் குணத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது.

வெளிநாட்டுக் கம்பி மலிவாக வந்து இறங்கத் தொடங்கியதும் எங்கள் கம்பியைக் கேட்க ஆளில்லை. கம்பி உருட்டும் இரண்டு லைனில் ஒன்றைப் போன வருடமே நிறுத்திவிட்டார்கள். விற்காத மூவாயிரம் டன் பின்பக்கத் திடலில் மழையில் கிடந்து துருப்பிடித்தது. அரசாங்கம் கைகொடுக்காவிட்டால் டிசம்பரோடு ஆலையை மூடுவதாக நிர்வாகம் நோட்டீஸ் ஒட்டியது. நாங்கள் நூற்று நாற்பது பேர். நாற்பத்தெட்டு வயதில் நான் இனி எங்கே போய் எந்தக் கம்பியை வளைப்பது?

என் கொழுந்தன் புவனேஸ்வரன் புக்கிட் செலம்பாவில் சின்னச் சின்ன வீடுகள் கட்டித் தரும் குத்தகைக்காரன். அவன் வாங்குவதெல்லாம் அந்த மலிவுக் கம்பிதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே பேச்சை எடுத்தான்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. வெளிநாட்டு பெசிக் கம்பிக்கு கவர்மெண்டு வரி போட்டா நம்ம ஆளுங்க வீடு கட்ற செலவு ஏறிடும். ஒங்க நூத்தி நாப்பது பேருக்காக ஊரே அழணுமா லா?"

நான் அவன் முன்னால் இருந்த கோழிக் குழம்பை எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டேன். அவன் சிரித்தான். உன் கம்பியில் ஒரு துண்டு கொண்டு வா, என் மெஷினில் வைத்து உன் கண் முன்னாலேயே விரிசல் விட வைக்கிறேன் என்று சவால் விட்டேன். மறுநாளே ஆலைக்குக் கொண்டு வந்தான். வைத்து வளைத்தேன். முழுதாக மடங்கியது, ஒரு கீறல்கூட இல்லை. அது உடைய வேண்டும் என்று அவ்வளவு ஆசைப்பட்டேன். நல்ல கம்பி, என்ன செய்வது? அவன் துண்டை எடுத்துக்கொண்டு போனான். நானும் யாரிடமும் மூச்சு விடவில்லை.

அக்டோபரில் அமைச்சிலிருந்து ஆள் வருவதாகத் தகவல் வந்தது. சூப்பர்வைசர் யோகேந்திரன் எல்லாரையும் கூட்டி என்ன செய்யலாம் என்று கேட்டான். முந்திரிக்கொட்டை மாதிரி முதலில் வாயைத் திறந்தது நான்தான். அந்தத் துருவைப் பார்த்தால் நம் கம்பியே மட்டம் என்று நினைப்பார்கள், முதலில் அதை மூடு என்றேன். நின்று போன லைனுக்கு வெள்ளிப் பெயிண்ட் அடிக்கச் சொன்னதும் நான்தான். தோட்டத்துக்குத் துரை வருகிறார் என்றால் லயத்து வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடித்து, கிழிந்ததையெல்லாம் பின்னால் ஒளித்து வைத்த கூட்டத்தில் பிறந்தவள் நான். அது தானாக வருகிறது.

இரண்டு நாள் ராப்பகலாக வேலை பார்த்தோம். லைன் பளபளத்தது. ஆயுத பூஜைக்குச் செய்வது போல மாவிலைத் தோரணம் கட்டி, சந்தனம் குங்குமம் வைத்தோம். திடலில் மூவாயிரம் டன்னுக்கும் நீலத் தார்ப்பாய் போர்த்தி இறுகக் கட்டினோம். எனக்கு ஒரே பெருமை.

வந்தவர் புவான் ரொஹாயா; மலாயில் புவான் என்றால் நாம் அம்மா என்பது போல. தட்டைச் செருப்பு, கையில் ஒரு நோட்டு. பளபளக்கும் லைன் முன்னால் நின்று, பராமரிப்பு எப்போது முடியும், எப்போது ஓடும் என்று மேனேஜரிடம் கேட்டார். மேனேஜர் அசடு வழிந்தார். திடலில் என்ன என்று கேட்டதற்கு ஸ்டாக் என்றார். புவான் ஏதோ எழுதினார். ஆலை நல்ல நிலையில்தான் இருக்கிறது, இதைவிட மோசமாக இருக்கும் இடங்களுக்குத்தான் முதலில் உதவி போக வேண்டும் என்று மலாயில் பணிவாகச் சொல்லிவிட்டுக் காரை நோக்கி நடந்தார்.

நூற்று நாற்பது பேர் சோற்றில் மண்ணைப் போட்டது என் யோசனை. அழகு பார்த்த என் புத்தியைச் செருப்பால் அடிக்கலாம் போலிருந்தது.

கொஞ்சம் நில்லுங்கள் புவான் என்று மலாயில் கத்திக்கொண்டே திடலுக்கு ஓடினேன். கத்தியால் கயிறுகளை அறுத்து, தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன். பாதி இழுத்ததும் மீதி தானாகச் சரிந்தது. திடல் முழுக்கத் துருவேறிய கம்பிக் கட்டுகள். யோகேந்திரன் தலையில் கை வைத்துக்கொண்டான். இதை மூடச் சொன்னது நான், எங்களுக்கு வெட்கமாக இருந்தது, அதனால்தான் மூடினோம் என்று சொல்லிவிட்டேன்.

அவர் திரும்பி வந்து அந்தக் குவியலைச் சுற்றிப் பார்த்தார். பிறகு, அப்படியானால் இறக்குமதிக் கம்பி தரமில்லாததா என்று கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மேனேஜர் கண்ணாலேயே கெஞ்சினார். என்னால் முடியவில்லை. பத்தொன்பது வருடமாகக் கம்பி விஷயத்தில் பொய் சொன்னதில்லை. இல்லை, நானே சோதித்தேன், நல்ல கம்பி என்றேன்.

பிறகு உங்களை ஏன் காப்பாற்ற வேண்டும் என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். நான் மலாயில் சொன்னது தமிழில் இப்படித்தான் வரும்.

"அவங்க கம்பியும் நல்லாருக்கு, எங்க கம்பியும் நல்லாருக்கு. வெலையிலதான் தோத்துட்டோம். நாங்க மூடுன பொறவும் அவங்க இதே வெலைக்கு விப்பாங்கன்னு யாரு சொன்னது? எங்களுக்குச் சும்மா காசு வேணாம் புவான். வரியப் போட்டு வீடு கட்றவங்க தலையில ஏத்தவும் வேணாம். கவர்மெண்டு கட்ற பள்ளிக்கூடம், பாலம், அதுக்கு எங்க கம்பிய வாங்குங்க. ஒன்னர வருசம் போதும். அதுலயும் எந்திரிக்கலன்னா நாங்களே பூட்டிச் சாவியக் குடுத்துர்றோம்."

வரிச்சலுகை, மின்கட்டணக் கழிவு என்று பெரிய பட்டியலோடு வந்திருந்த மேனேஜருக்கு முகம் செத்துப் போனது. புவான் அந்தக் குவியலில் ஒரு கம்பியைத் தானே தொட்டுக் காட்டி, இதை வளையுங்கள் என்றார்.

சோதனை அறையில் நான் மெஷினை ஓட்டினேன். கம்பி மெல்ல மடங்க, மேல்துரு பொலபொலவென்று தரையில் உதிர்ந்தது. முழுதாக மடங்கிய பிறகு துணியால் துடைத்தேன். உள்ளே சாம்பல் நிறத்தில் சுத்தமான இரும்பு. அவர் வளைவின் வெளிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். விரிசல் இல்லை. அந்த விரலாலேயே நோட்டைப் புரட்டியதில் பக்கத்தில் துருக்கறை ஒட்டிக்கொண்டது. நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதற்கப்புறம் ஐந்து வாரம் யோகேந்திரன் என்னிடம் சரியாகப் பேசவில்லை. மேனேஜர் என்னைக் கண்டால் வேறு பக்கம் போனார். எனக்கும் பயம்தான். வாயைக் கொடுத்து எல்லார் பிழைப்பையும் கெடுத்துவிட்டேனோ என்று சாப்பாடே இறங்கவில்லை.

நவம்பர் கடைசியில் கடிதம் வந்தது. மேனேஜர் கேட்ட பட்டியலில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஆனால் வடக்கே கட்டப்போகும் அரசாங்கப் பள்ளிகளுக்கும் பாலங்களுக்கும் பதினெட்டு மாதத்துக்கு எங்கள் கம்பியை வாங்குவார்கள். இரண்டாவது லைனை ஓட்ட வேண்டும், யாரையும் வேலையிலிருந்து நிறுத்தக் கூடாது என்பது நிபந்தனை. திடலில் கிடப்பதைச் சோதித்து, தேறுவதை முதலில் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். யோகேந்திரன் வெள்ளிப் பெயிண்ட் அடித்த மெஷின் மேல் சாய்ந்து அழுதான். நானும் அழுதேன், மறைக்கவில்லை.

அந்த ஞாயிறு புவனேஸ்வரன் தஞ்சோங் டாவாய் போய் ஒரு பெரிய கொடுவா மீன் வாங்கி வந்தான். அவன் வாங்கும் பெசிக் கம்பிக்கு வரி ஏறாமல் நான் பேசியதற்கான கூலியாம். பதினெட்டு மாதம் கழித்து என்ன செய்வீர்கள் அண்ணி என்றும் கேட்டான். எனக்குத் தெரியாது என்றேன். இந்தத் தடவை குழம்பை அவன் முன்னாலேயே வைத்தேன்.

இப்போது ஏப்ரல். இரண்டு லைனும் ஓடுகின்றன. நாளை புவான் ரொஹாயா மறுபடி பார்வையிட வருகிறார். இன்று காலை யோகேந்திரன் கையில் பெயிண்ட் டின்னோடு வந்து நின்றான்.

"அக்கா, லேசா ஒரு கோட்டு மட்டும்..."

"டின்ன தொறந்தே, ஒன் மண்டையிலதான் ஊத்துவேன்."

அவன் சிரித்துக்கொண்டே போனதும், எதற்கும் இருக்கட்டும் என்று திடலை ஒரு எட்டுப் பார்க்கப் போனேன். கடைசிக் கம்பிக் கட்டை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தரையில் பழுப்புக் கறை மட்டும் இருந்தது. தார்ப்பாயை யாரோ மடித்து மூலையில் வைத்திருந்தார்கள். போர்த்துவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.