இடது சக்கரத்துக்கு கிரீஸ் வைத்த கதை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முடிச்சூர் சாலையில் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தபோது ஒரு சக்கரம் என்னை முந்திக்கொண்டு போனது. வண்டி இல்லை, சக்கரம் மட்டும். ஏதோ அவசர வேலை இருப்பதுபோல நேராகப் போய், சாலையோரம் கொய்யாப்பழ வண்டியோடு நின்ற செல்லம்மா அக்காவின் காலில் மோதிவிட்டுச் சாக்கடையில் விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஒரு காரும், அது இழுத்துக்கொண்டு வந்த கேரவனும் நின்றன. கட்டில், அடுப்பு, ஜன்னலுக்குத் திரைச்சீலை எல்லாம் வைத்த கேரவன். அதன் இடது பக்கம் தார்ச்சாலையில் படுத்துக் கிடந்தது.

செல்லம்மாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நடந்தது இவ்வளவுதான். இனி எழுதுவதெல்லாம் கோபத்தில் எழுதுவது. [கோபத்தில் எழுதினால் கலை கெட்டுப்போகும் என்பார்கள். கெடட்டும்.]

2

கேரவன்காரர் எங்கள் சபையைச் சேர்ந்தவர். கதைக்காக அவருக்கு ஆரோன் என்றும், பல் டாக்டரான அவர் மனைவிக்கு ஹெப்சி என்றும் பெயர் வைக்கிறேன். செல்லம்மாவின் பெயரை மட்டும் மாற்றவில்லை. "மாத்துனா அது வேற எவளோ ஆய்டுவா டீச்சர்" என்று அவரே சொல்லிவிட்டார்.

அடுத்த ஞாயிறு ஆராதனையில் சாட்சி நேரம். ஆண்டவர் செய்த நன்மையை மைக்கில் சொல்லும் நேரம் அது. ஆரோன் எழுந்தார்.

"ஏலகிரிக்கு ஃபேமிலியா கிளம்பினோம். ஓடிட்டிருக்கும்போதே சக்கரம் கழண்டு போயிடுச்சு. ஆனா கர்த்தருடைய கிருபையால எங்க தலைமுடி ஒண்ணுகூட விழல!"

அல்லேலூயா என்றார்கள். கை தட்டினார்கள். இப்போது சொல்வார், இதோ செல்லம்மாவைப் பற்றிச் சொல்லப்போகிறார் என்று பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தேன். மனிதர் மைக்கைக் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார். முடி விழவில்லையாம். கால் விழுந்ததே ஐயா, ஒரு பெண்ணின் கால்! அது எந்தக் கணக்கில் வரும்?

ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் அனுப்பியிருந்தார். நான் போனபோது பை பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

"கொய்யாக்காரிக்கு ஆப்பிள் குடுத்துனுகிறான் பாரு," என்றார் செல்லம்மா. "இன்னா கொயுப்பு இருக்கணும்!"

3

நான் பொழிச்சலூரில் கணக்கு டீச்சர். ஸ்கூட்டர் பஞ்சரானால் தள்ளிக்கொண்டு போகிற ஆள். ஆனால் "எல்லாம் விதி", "கண்ணு பட்டிருக்கும்" என்று ஆளாளுக்குச் சொல்லச் சொல்ல எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கேரவனைப் பழுது பார்க்கக் கொண்டுபோன திருமுடிவாக்கம் பட்டறைக்கே போய், தொந்தரவு செய்து, கழன்ற சக்கரத்தைக் காட்டச் சொன்னேன்.

விதி எப்படி இருக்கும் தெரியுமா? துருப்பிடித்து, எரிந்த வாசனையோடு இருக்கும்.

பட்டறைக்காரர் விளக்கினார். சக்கரத்தின் நடுவில் ஹப் என்கிற குடம். அதற்குள் இரண்டு பேரிங். அவை சுழலுவதற்கு கிரீஸ். கேரவன் மழைக்காலம் முழுக்கக் காலி மனையில் தண்ணீரில் நின்றிருக்கிறது. தண்ணீர் ஹப்புக்குள் போனால் கிரீஸ் பால் ஊற்றிய காபி நிறத்துக்கு மாறிவிடும். அப்படியே ஓட்டினால் பேரிங் சூடாகித் தேய்ந்து பொடியாகும். வருஷத்துக்கு ஒருமுறை ஹப்பைத் திறந்து, பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, புது கிரீஸ் அடைத்து மூட வேண்டும். ஒரு காலை நேரத்து வேலை. அதை யாரும் செய்யவில்லை. வாட்டர் வாஷ் செய்திருக்கிறார்கள். புது பெயின்ட் அடித்திருக்கிறார்கள். பின்பக்கம் பைபிள் வசன ஸ்டிக்கர்கூட ஒட்டியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் பார்த்தேன். ஹப்பின் நட்டு திருகிக் கழலாமல் இருக்க அதன் குறுக்கே ஒரு ஸ்ப்ளிட் பின் போடுவார்கள். அந்த ஓட்டையில் பின் இல்லை. ஒடிந்த ஆணி ஒன்று இருந்தது. சுவரில் காலண்டர் மாட்டுகிற ஆணி.

யார் போட்டது என்று போலீஸ் கேட்கவில்லை. சபையும் கேட்கவில்லை.

4

ஆகவே கதை எழுத உட்கார்ந்தேன். என் கதையில் அந்த ஹப்பைத் திறந்தே தீர்வது என்று முடிவு. அப்படித் திறந்துவிட்டால் செல்லம்மாவுக்குக் கால் இருக்கும்.

முதல் தொடக்கம்: முடிச்சூரில் பொழுது புலர்ந்தது. பறவைகள்

(பறவையாவது ஒன்றாவது. விட்டுவிட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: ஆரோன் ஜாக்கியை எடுத்துக்கொண்டு கேரவனுக்கு அடியில்

(மாட்டேன் என்கிறார். நானும் நாலு தடவை எழுதிப் பார்த்துவிட்டேன். குனிய வைத்தால் ஸ்டிக்கர் நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நிமிர்ந்துவிடுகிறார்.)

சரி, ஹெப்சியைக் கூப்பிடுகிறேன். தினமும் ஊரார் வாய்க்குள் கைவிட்டுச் சுரண்டுகிறவர். அழுக்குக்குப் பயப்பட மாட்டார்.

5

ஹெப்சி ஜாக்கி வைத்து இடது சக்கரத்தைத் தூக்கினாள். கையால் சுற்றிவிட்டாள். கரகரவென்று சத்தம் வந்தது.

"ஏங்க, இங்க வந்து கேளுங்க."

"ரொம்ப நாள் நின்ன வண்டி அப்படித்தான் இருக்கும் ஹெப்சி. பாஸ்டர் வந்துட்டார். ஜெபம் பண்ணிட்டுக் கிளம்பணும்."

"பண்ணட்டும். நான் கண்ணைத் திறந்துகிட்டே ஆமென் சொல்றேன்."

மூடியைத் தட்டிக் கழற்றினாள். ஸ்ப்ளிட் பின்னை உருவி, நட்டைத் திருகி எடுத்தாள். உள்ளே காபி நிறத்தில் சேறு. பேரிங்கை மண்ணெண்ணெயில் போட்டுப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். துரு ஏறி இருந்தது. தூக்கி எறிந்துவிட்டு, முந்தின நாளே வாங்கி வைத்திருந்த புதுசை எடுத்தாள். இடது உள்ளங்கையில் ஒரு உருண்டை கிரீஸ் வைத்து, பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி இழுத்தாள். மறுபக்கம் கிரீஸ் பிதுங்கி வரும்வரை விடவில்லை.

[இந்த இடத்தை எழுதியபோது எனக்கே ஆறுதலாக இருந்தது. இரண்டு முறை எழுதினேன்.]

சக்கரத்தை மாட்டி, சுற்றிக்கொண்டே நட்டை முறுக்கி, பிறகு கொஞ்சம் தளர்த்தினாள். பழைய ஸ்ப்ளிட் பின்னை எடுத்து வளைத்தாள். ஒடிந்துவிட்டது.

"புது பின் வாங்கணுங்க."

"இன்னிக்கு லீவு, கடை எங்க திறந்திருக்கும்? இந்தா," என்று ஆரோன் கையை நீட்டினார். கையில் ஓர் ஆணி. "இப்போதைக்கு இதைப் போடு. போற வழியில பாத்துக்கலாம்."

ஹெப்சி அந்த ஆணியை

(இங்கேதான் நின்றுவிட்டேன். உண்மையில் அந்த ஆணியைப் போட்டது யார் என்று எனக்குத் தெரியாது. ஆரோனோ, அவர் கூப்பிட்ட மெக்கானிக்கோ. தெரியாத ஒன்றை ஒரு மனிதர் தலையில் எப்படிக் கட்டுவேன்?)

6

பத்திரிகை ஆசிரியர் தோத்தாத்ரியிடம் இதுவரை அனுப்பினேன். உடனே போன்.

"பிரமாதம் மேடம். சக்கரம்னா வாழ்க்கைச் சக்கரம், கிரீஸ்னா அன்பு, அப்படி ஒரு லைன் மட்டும் சேர்த்துடுங்க. தலைப்பு 'அச்சாணி'ன்னு வெச்சா தூக்கிடும்."

"சார், கிரீஸ்னா கிரீஸ்தான் சார்."

"முடிவு இல்லையே மேடம்?"

முடிவா? மூன்று வைத்திருக்கிறேன். ஒன்று, ஹெப்சி பின் வாங்கும்வரை கிளம்ப மாட்டேன் என்று படியில் உட்கார்ந்துவிடுகிறாள். மறுநாள் போகிற வழியில் செல்லம்மாவிடம் மிளகாய்ப் பொடி தூவிய கொய்யா வாங்கித் தின்கிறார்கள். இரண்டு, ஆணியே போதும் என்று கிளம்புகிறார்கள். அது உங்களுக்குத் தெரியும். மூன்று, பத்திரமாகப் போய்த் திரும்பிய ஆரோன் சாட்சி நேரத்தில் எழுந்து, "ஹப்பைத் திறந்து கிரீஸ் வெச்சோம்" என்கிறார். ஒருவரும் கை தட்டவில்லை. கழலாத சக்கரத்துக்கு அல்லேலூயா சொல்ல ஆளில்லை.

எனக்கு முதல் முடிவுதான் பிடித்தது. அதை எடுத்துக்கொண்டு செல்லம்மாவிடம் போனேன்.

7

கட்டில் ஓரமாக உட்கார்ந்து முழுக்கக் கேட்டார். கொய்யா தின்கிற இடத்தில் சிரிக்கக்கூடச் செய்தார். அப்புறம் முகம் மாறியது.

"கதையில எனுக்குக் கால் கீதா?"

"இருக்குக்கா."

"வண்டியத் தள்ளிக்கினு வூட்டுக்குப் போறேனா?"

"போறீங்கக்கா."

புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிக் காட்டினார். கட்டு இன்னும் பிரிக்கவில்லை.

"இத்த இன்னா பண்ணப்போற? கதையில ஒட்ட வெச்சிட்டு நீ பாட்டுக்கு நிம்மதியாத் தூங்கிடுவ. அவனும் சாமி காப்பாத்துச்சுன்னு தூங்கிடுவான். நான் மட்டும் முயிச்சிக்கினு கெடக்கணுமா? எனுக்கு இன்னாத்துக்கு டீச்சர் படிக்கிற? எனுக்குத்தான் தெரியுமே. போயி அவனாண்ட படி. அங்கதான் மைக் கீதில்ல?"

சுருக்கென்று தைத்தது. முதல் முடிவை அங்கேயே கிழித்துப்போட்டேன்.

வரும் ஞாயிறு சாட்சி சொல்ல என் பெயரைக் கொடுத்திருக்கிறேன். முதல் பகுதியிலிருந்து வாசிப்பேன். பறவை, கிரீஸ் எல்லாவற்றையும் தாண்டி, "ஹெப்சி அந்த ஆணியை" என்கிற இடத்தில் நிறுத்துவேன். பிறகு மைக்கைக் கொண்டுபோய், ஆரோன் என்று நான் பெயர் வைத்தவரிடம் நீட்டுவேன். அந்த வாக்கியத்தை முடிக்கத் தெரிந்தவர் அந்தக் கட்டடத்தில் அவர் ஒருவர்தான்.

அவர் வாயைத் திறக்காவிட்டால், பாஸ்டர் அவசரமாகப் பாட்டைத் தொடங்கிவிட்டால், பக்கத்து பெஞ்சில் இருக்கிற நீங்கள் எழுந்து நில்லுங்கள். பாட்டை நிறுத்தச் சொல்லுங்கள். செல்லம்மா வாசலுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார். அவரைக் கூட்டிவர ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டேன்.