செருப்புத் துண்டு

"அணைச்சுட்டு மறுபடி போடுங்க, மாப்பிள்ளை."

மாப்பிள்ளை பொத்தானை அழுத்திப் பிடித்தார். திரை கறுத்தது, பிறகு முனகிக்கொண்டே வெளுத்தது. அக்கா அவருடைய நாற்காலிக்குப் பின்னால் மார்பில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்த நாளிலிருந்தே அவளுக்கு உட்கார்ந்து காத்திருக்கத் தெரியாது.

படங்களின் வரிசை திறந்தது. அதில் தம்பி கோட் போட்டுக்கொண்டு நின்ற படம் நகத்தளவில் தெரிந்தது. மாப்பிள்ளை அம்புக்குறியை அதன்மேல் கொண்டுபோய்த் தட்டினார். அம்புக்குறி அங்கேயே நின்றுவிட்டது. மவுஸை ஆட்டினார். கீபோர்டைத் தட்டினார். ஒன்றும் அசையவில்லை.

"ஹேங் ஆயிடுச்சு, அத்தை."

"அது எனக்கும் தெரியுது. ஏன்னு சொல்லுங்க."

"வைரஸா இருக்கலாம். மெமரி பத்தாம இருக்கலாம். ஹார்ட் டிஸ்க்கே போயிருந்தாலும் போயிருக்கலாம்."

"நோயாளியைத் தொட்டுப் பாக்காமலே மூணு வியாதி சொல்ற டாக்டருங்கள நான் நிறையப் பாத்துட்டேன்."

மாப்பிள்ளையின் காது சிவந்தது. அவர் மறுபடி பொத்தானை அழுத்தினார்.

சுவருக்கு அந்தப் பக்கம், கூடத்தில், தம்பி கிடந்தான். விடியும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், ஆம்புலன்ஸ் தெருவுக்குள் திரும்புவதற்குள் போய்விட்டான். நாளைக் காலைப் பத்திரிகையில் அறிவிப்பு வரவேண்டும். இருட்டுவதற்குள் அனுப்பாவிட்டால் எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அறிவிப்பை அடிக்கவும் படத்தை வைக்கவும் இருந்தது இந்த ஒரு மெஷின்தான். ஊரார் கொண்டுவரும் புத்தகங்களுக்கெல்லாம் இதில்தான் அவன் அச்சுக்குப் பக்கம் அமைத்துக்கொடுத்தான்.

"என் போன்ல படம் இருக்கு, அண்ணி," என்று காலையில் தம்பியோடு இருந்த அந்தப் பெண் போனை நீட்டியிருந்தாள்.

"யாருக்கு யாரு அண்ணி? உன் போன்ல இருக்கறது வேண்டாம்."

அதில் எல்லாப் படத்திலும் அவள் பக்கத்தில் இருப்பாள். பல வருஷமாகத் தம்பி அவளோடு ஒரே கூரையின் கீழ் இருந்தான். தாலியும் இல்லை, கையெழுத்தும் இல்லை. அக்கா இந்த வாசற்படியை மிதித்ததில்லை. இன்று மிதித்தாள். மிதித்த கையோடு துடைப்பத்தை எடுத்தாள். நாலு பேர் வரப்போகிற வீடு இப்படியா கிடப்பது என்று அறை அறையாக ஒதுக்கினாள். "இந்த ரூமுக்குள்ள நீ வராதே," என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாள். அவளும் போய்ச் சமையலறையில் உட்கார்ந்தவள்தான்.

திரை மறுபடி உறைந்தது.

"மெஷினுக்கும் நம்ம குடும்பத்துக் குணம் ஒட்டிக்கிச்சு போல," என்றார் கதவோரம் உட்கார்ந்திருந்த சித்தப்பா. "ஒருதரம் மூஞ்சியத் திருப்பிக்கிச்சுன்னா அவ்வளவுதான். யாரு கூப்பிட்டாலும் பேசாது."

"சித்தப்பா, நீங்க கூடத்துல போய் உக்காருங்க."

"நான் மெஷினைச் சொன்னேம்மா."

அக்காவுக்கு எல்லார்மேலும் எரிச்சல் வந்தது. மாப்பிள்ளைமேல், சித்தப்பாமேல், சொல்லாமல் கொள்ளாமல் போனவன்மேல். செத்தவனை அடிக்க முடியாது. திரையின் தலையில் ஓங்கி ஒரு அறை விட்டாள்.

"அடிக்காதீங்க."

அந்தப் பெண் வாசலில் நின்றாள். கால்கள் நிலைப்படிக்கு வெளியேதான் இருந்தன.

"வராதேன்னு சொன்னேன்ல?"

"வரலை. ஃபேன் சத்தம் மாறியிருக்கு, அங்கேயே கேட்டுச்சு. பெட்டியோட பக்கத்து மூடிய யாரு மாட்டினது?"

"நான்தான். வயித்தைக் கிழிச்சுப் போட்ட மாதிரி ஒயரெல்லாம் தெரிஞ்சுது."

"உள்ள ஒரு செருப்புத் துண்டு இருந்துச்சே?"

"குப்பை வண்டியில போட்டாச்சு. மெஷினுக்குள்ள பழைய செருப்பை வெச்சுக் குடும்பம் நடத்தியிருக்கீங்களே, பாக்கறவங்க சிரிக்க மாட்டாங்களா?"

அந்தப் பெண் மாப்பிள்ளையைப் பார்த்துச் சொன்னாள்: "ப்ராசஸர் மேல இருக்கற ஃபேனுக்கு ஒரு பக்கம் கிளிப் ஒடைஞ்சு போச்சு. அந்தத் துண்டைச் சொருகித்தான் அழுத்தி வெச்சிருந்தார். அது இல்லைன்னா ஃபேன் தூக்கிக்கும். சூடேறி நின்னுடும்."

குரலில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் அக்காவுக்கு வசதியாக இருந்திருக்கும்.

மாப்பிள்ளை மேசைக்கு அடியில் குனிந்து மூடியைக் கழற்றினார். உள்ளே விரலை வைத்தவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"நெஜந்தான், அத்தை. கொதிக்குது."

"வேற எதையாவது சொருகுங்க."

ஒரு அட்டையை மடித்துப் பார்த்தார், வழுக்கி விழுந்தது. ஜன்னலில் வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் ஆறட்டும். நான் பிடிச்சுக்கறேன்," என்றாள் அந்தப் பெண். "எங்க அழுத்தணும்னு தெரியும்."

அக்கா கதவை மறித்துக்கொண்டிருந்த, சித்தப்பா விட்டுப்போன நாற்காலியைக் காலால் தள்ளினாள். அந்தப் பெண் உள்ளே வந்து மேசைக்கடியில் புகுந்தாள்.

இந்தமுறை கோட் போட்ட படம் முழுசாக விரிந்தது. தம்பி நேராகப் பார்த்தான். மாப்பிள்ளை அதை அறிவிப்பில் வைத்துவிட்டுக் கீபோர்டில் கையை வைத்தார்.

"விரலை எடுத்தா நின்னுடும். சீக்கிரம் சொல்லுங்க," என்று கீழேயிருந்து குரல் வந்தது.

அக்கா சொன்னாள். பெயர், வயது, தொழில், இறுதி ஊர்வலம் புறப்படும் நேரம். வார்டில் மருந்துச்சீட்டுப் படிப்பதுபோலத் திருத்தமாகச் சொன்னாள்.

"துயரத்துடன் அறிவிப்பவர்கள். அதுக்குக் கீழ என் பேரு. அப்புறம் சித்தப்பா, நீங்க, என் மக."

மாப்பிள்ளை அடித்து முடித்தார். கை கீபோர்டின்மேல் தயங்கியது. "அவ்வளவுதானா, அத்தை?"

"அவ்வளவுதான்."

அறையில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. அக்கா அதையே கேட்டுக்கொண்டு நின்றாள். இப்போது நிற்கும், இதோ நிற்கும் என்று காத்திருந்தாள். அது சீராகச் சுற்றியது.

குனிந்து பார்த்தாள். அந்தப் பெண் முகத்தை மேசைக்கால் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள். அழுத்திய கட்டைவிரலின் நகம் வெளுத்திருந்தது.

"நிறுத்துங்க, மாப்பிள்ளை. அனுப்பாதீங்க."

மேசையைப் பிடித்துக்கொண்டு அக்கா தரையில் முட்டிபோட்டாள். மூட்டு சொடக்கென்றது.

"நகரு."

"பரவாயில்ல, நான்…"

"நகருன்னு சொன்னேன். எங்க அழுத்தணும்?"

அந்தப் பெண் அக்காவின் கட்டைவிரலைப் பிடித்துக் கொண்டுபோய் ஃபேனின் மூலையில் வைத்தாள். "இங்க."

"எந்திரிச்சு மேல போ. அவர்கிட்ட உன் பேரைச் சொல்லு. என் பேருக்கு மேல போடச் சொல்லு. அவனுக்கு என்ன முறைன்னும் நீயே சொல்லிடு. என்னைக் கேக்காதே."

மேசைக்கடியில் தூசியும் ஒயர்களும். உலோகத்தின் சூடு விரல் வழியாக ஏறியது. மேலே அந்தப் பெண் ஏதோ சொன்னாள், குரல் எழும்பவில்லை. "சரியாக் கேக்கலை, இன்னொரு தடவை சொல்லுங்க," என்றார் மாப்பிள்ளை. அவள் சொன்னாள். கீபோர்டு சடசடத்தது.

"பத்திரிகைக்குப் போயிடுச்சு, அத்தை. கையை எடுத்துக்கலாம்."

கூடத்தில் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். அக்கா முட்டிபோட்டபடியே இருந்தாள். சின்ன ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் காற்று அவள் மணிக்கட்டில் பட்டுக்கொண்டிருந்தது.