நாற்பத்தொன்பதாவது ஆள்

ஸ்ரனிஸ்லாஸ் எண்ணினால் எண்ணினதுதான். பதினொரு வருடங்களாக ஆவணி மாதத்தில் டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரத்திலிருந்து ஜெர்மனியின் கேவலார் மாதா கோயிலுக்கு யாத்திரை பஸ் கொண்டுபோகிறவர் அவர். ஒருமுறையேனும் ஆள் விடுபட்டதில்லை. எண்ணுவதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. கடைசி வரிசையில் தொடங்கி, ஆள் இருக்கும் ஒவ்வொரு இருக்கையின் மேல்விளிம்பையும் விரலால் தொட்டுக்கொண்டு முன்னுக்கு வருவார். பெயர் கேட்கமாட்டார், முகம் பார்க்கமாட்டார். முகம் பார்த்தால் கதை வரும், கதை வந்தால் எண் தவறும். சாரதியின் பக்கத்தில் வந்து நின்று கடைசியாகத் தன் நெஞ்சில் ஒரு தட்டுத் தட்டுவார். அதோடு சரி.

2009 மே பதினேழாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், பாட்போர் எல்லையைக் கடந்து டென்மார்க்குக்குள் வந்த முதல் தரிப்பிடத்தில் அவர் அப்படித்தான் எண்ணினார். நெஞ்சில் தட்டியபோது நாற்பத்தொன்பது வந்தது.

பட்டியலில் இருந்தவர்கள் நாற்பத்தெட்டுப் பேர், அவரையும் சேர்த்து.

"என்ன அண்ணை, திரும்பவும் கணக்குக் குட்டி போட்டிட்டுதோ?" என்றான் முன்வரிசைத் தவராஜா. கோழித் தொழிற்சாலையில் வேலை செய்பவன். எதற்கும் ஒரு பகிடி வைத்திருப்பான். "மற்ற ஆக்கள் தங்களை எண்ண மறக்கிறவை. நீங்கள் உங்களை ரெண்டுதரம் எண்ணுறியள்."

"நான் ஒருக்காத்தான் தட்டினனான்."

"அப்ப அண்ணைக்கு வயித்திலை வண்டி வைச்சிட்டுது. அதைத் தனி ஆளாப் போட்டிருப்பியள்."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மூன்று நாட்களில் அந்தப் பஸ்ஸில் கேட்ட முதல் சிரிப்பு அது. ஸ்ரனிஸ்லாஸும் சிரிக்கப் பார்த்தார். அன்று இது மூன்றாம் முறை.

அவர்கள் நெதர்லாந்தின் ஹேக் நகரத்தில் ஆர்ப்பாட்டத்துக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தார்கள். போரை நிறுத்தச் சொல்லிக் கத்தியதில் பாதிப்பேருக்குக் குரல் இல்லை. வன்னியில் மிச்சமிருந்த சனம் கடலுக்கும் களப்புக்கும் நடுவே ஒரு துண்டு மணலில் அடைபட்டிருந்தது. பஸ்ஸில் இருந்த எல்லாருக்கும் அந்த மணலில் ஆரோ ஒருத்தர் இருந்தார்கள். ஸ்ரனிஸ்லாஸின் மனைவி மேரிகிறேஸுக்கு அவளுடைய ஒரே தம்பி ஜெரோசன். முப்பத்தொரு வயது. ஒன்பது நாட்களுக்கு முன் ஆருடையவோ சற்றலைற் போனில் அரை நிமிடம் கதைத்தான். "அக்கா, தண்ணியைத் தாண்டினாச் சரி. தாண்டி வந்திடுவன்." அதற்குப் பிறகு சத்தமில்லை.

சனிக்கிழமை ஆர்ப்பாட்டம் முடிந்ததும் டேனிஷ்காரச் சாரதி பிரேபன், சட்டப்படி தான் இத்தனை மணித்தியாலம் ஓய்வெடுத்தே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டான். ஸ்ரனிஸ்லாஸின் பள்ளித்தோழன் நிக்கலஸ் ரொட்டர்டாம் துறைமுகத்தில் கொள்கலன் இறக்குகிற வேலை. அவன்தான் ஆற்றுக்குத் தெற்கே ஒரு தேவாலய மண்டபத்தில் படுக்க இடம் எடுத்துத் தந்தான். வந்தவர்களைச் சும்மா இருந்து ரெலிபோனைப் பார்க்க விடக்கூடாது என்று ஊரையும் காட்டினான்.

காட்டியவை எல்லாம் வினோதமானவை. முதலில் மூலையில் நிற்கும் வீடுகள். தாயக்கட்டையைச் சரித்து ஒரு கம்பத்தில் குத்தி வைத்ததுபோல மஞ்சள் வீடுகள், வரிசையாக, உள்ளே ஆட்களோடு. சுவரில் நேராக ஒரு அலுமாரி வைக்க முடியாத வீட்டில் மனுசர் எப்படிச் சீவிக்கிறது என்று விமலராணி அக்கா கேட்டாள். அடுத்தது ரயில் பாலம். இரண்டு இரும்புக் கோபுரங்களுக்கு நடுவே, தண்டவாளம் போகிற தட்டு வானத்தில் தூக்கி நிறுத்தப்பட்டிருந்தது. கப்பலுக்காகத் தூக்கியதல்ல, பல வருடங்களாக அப்படியே நிற்கிறது.

"அப்ப இதாலை ஆரும் அங்காலை போகேலாதோ?" என்று மேரிகிறேஸ் கேட்டாள்.

"ஏலாதுதான் அக்கா. இப்ப ரயில் தண்ணிக்குக் கீழாலை போகுது" என்றான் நிக்கலஸ்.

அந்தப் பாலத்தடியில்தான் ஸ்ரனிஸ்லாஸின் ரெலிபோன் அடித்தது. மன்னாரிலிருந்து அவருடைய தங்கை யசிந்தா. அவர் நாலடி தள்ளிப்போய்க் கேட்டார். முகாமுக்கு வந்துசேர்ந்த ஒரு பெடியன் கண்ணால் கண்டதைச் சொன்னானாம். வியாழக்கிழமை விடிய, கழுத்தளவு தண்ணீரில் இறங்கிய கூட்டத்தில் ஜெரோசன் ஒரு பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறான். ஷெல் விழுந்திருக்கிறது. பிள்ளையை வேறு ஆரோ தூக்கிக்கொண்டு கரையேறினார்கள்.

"அண்ணை, மேரியண்ணிக்கு வழியிலை சொல்லிப்போடாதை" என்றாள் யசிந்தா. "அந்நிய ஊரிலை, றோட்டிலை வைச்சுச் சொல்லுற கதையில்லை. வீட்டை கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லு."

அது அவருக்கும் சரியாகவே பட்டது. அப்படித்தான் செய்வது. அவருடைய தகப்பன் செத்ததையும் கொழும்பிலிருந்து மன்னார் வரைக்கும் "கொஞ்சம் சுகமில்லை" என்று சொல்லித்தான் அவரைக் கூட்டிவந்தார்கள். ஆள் வீட்டுப் படியில் காலை வைக்கும்வரை செத்தவருக்கு உயிர் உண்டு.

திரும்பி வந்தபோது, "ஆர் எடுத்தது?" என்று மேரிகிறேஸ் கேட்டாள்.

"யசிந்தா. அங்கை மழையாம்."

ஞாயிறு விடிய ஆறு மணிக்கு நிக்கலஸ் கடைசி வினோதத்தைக் காட்டினான். பஸ் ஆற்றுக்கு வடக்கே நின்றது. பாலத்தால் சுற்றிப் போகத் தேவையில்லை, ஆற்றுக்குக் கீழே நடந்தே போகலாம் என்றான். பச்சைக் கூரை போட்ட ஒரு சிறிய கட்டடம். உள்ளே மரத்தால் செய்த நகரும் படிகள், ஒரு தென்னை உயரத்துக்குக் கீழே இறங்கின. பழைய மரம் ஒவ்வொரு படியாக முனகியது. "உலக யுத்தத்திலை ஜெர்மன்காரன் ஊரைப் பிடிச்சு வைச்சிருக்கேக்கை முடிச்சது. சண்டைக்குள்ளை ஆருக்குத் திறப்புவிழா? ஒருநாள் சும்மா கதவைத் திறந்து விட்டாங்களாம், சனம் நடந்து போச்சுதாம்" என்று சொல்லி, படியின் தலையில் நின்றபடியே கையசைத்துவிட்டு நிக்கலஸ் வேலைக்குப் போனான்.

கீழே வெளிர்மஞ்சள் ஓடு பதித்த ஒரு நீளமான குழாய். பார்வைக்கு முடிவில்லை. தலைக்கு மேலே ஆறு முழுவதும் கிடந்தது. நாற்பத்தெட்டுப் பேரின் காலடிச் சத்தமும் சுவரில் பட்டுச் சற்றுப் பிந்தித் திரும்பி வந்தது. பின்னால் இன்னொரு கூட்டம் வருவதுபோல. இவர்கள் நின்றபோது அதுவும் நின்றது, ஆனால் உடனேயே அல்ல. பாதித் தூரத்தில் ஸ்ரனிஸ்லாஸ் திரும்பிப் பார்த்தார். மேரிகிறேஸ் எல்லாருக்கும் பின்னால், குழாயின் ஓரமாக, பக்கத்தில் ஓராள் நடக்க இடம் விட்டு வந்துகொண்டிருந்தாள். தலையைச் சற்றுச் சாய்த்திருந்தாள். உதடு அசைந்தது. செபமாலை சொல்கிறாள் என்று அவர் நினைத்தார்.

வடக்குக்கரையில் ஏறியதும் எண்ணினார். நாற்பத்தொன்பது. நிக்கலஸையும் சேர்த்துவிட்டேன் என்று நினைத்து விட்டுவிட்டார். நிக்கலஸ் மற்றக் கரையிலேயே நின்றுவிட்டான் என்பது பஸ் வெளிக்கிட்ட பிறகுதான் உறைத்தது. ஜெர்மனியில் மத்தியானச் சாப்பாட்டுக்கு நின்றபோது எண்ணினார். நாற்பத்தொன்பது.

பாட்போரிலும் அதே எண் வந்தபோது அவருக்கு வேறொரு பயம் பிடித்தது. ரொட்டர்டாம் துறைமுக நகரம். கப்பலில் ஒளித்து வந்த ஆரோ ஒரு பெடியன் சனத்தோடு சனமாகப் பஸ்ஸில் ஏறியிருந்தால்? பட்டியலின் கீழே கையெழுத்து வைத்தவர் அவர். ஆள்கடத்தல் என்று உள்ளே போடுவார்கள். அதை நினைத்து முடிக்கவில்லை, மஞ்சள் சட்டை போட்ட பொலிஸ்காரன் ஒருவன் பஸ்ஸில் ஏறினான்.

எல்லாருடைய கடவுச்சீட்டையும் வாங்கி, ஒவ்வொரு முகமாகப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தான். பட்டியலில் பெயர் பெயராக அடையாளம் போட்டான். கடைசி வரிசை வரை போய்த் திரும்பி வந்து, "நாற்பத்தெட்டு. எல்லாம் சரி. நல்ல பயணம்" என்று டேனிஷில் சொல்லி இறங்கிப் போனான்.

ஸ்ரனிஸ்லாஸுக்கு மூச்சு வந்தது. "பாத்தியளோ அண்ணை, உங்கடை வண்டிக்குப் பாஸ்போட் கேக்கேல்லை" என்றான் தவராஜா.

பிரேபன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் எந்தப் பயணத்திலும் கதவடியில் நின்று, ஆள் ஏற ஏறப் பெருவிரலால் ஒரு சின்ன எண்ணும் கருவியை அமத்துகிறவன். முன்னொருகாலம் ஒரு கிழவியைத் தரிப்பிடத்தில் விட்டுவிட்டுப் போன அனுபவம் அவனுக்கு இருந்தது. கருவியைத் திருப்பி ஸ்ரனிஸ்லாஸிடம் காட்டினான். 49.

"காலமை ரொட்டர்டாமில் ஏறியதும் இவ்வளவுதான்" என்றான். "ஒருவரும் குறையவில்லை. அப்போ வெளிக்கிடலாமா?"

பஸ் வடக்கே ஓடியது. ஸ்ரனிஸ்லாஸ் சாரதிக்குப் பக்கத்து மடிப்பிருக்கையில் இருந்து, பெயரால் நாற்பத்தெட்டும் தலையால் நாற்பத்தொன்பதும் எப்படி வரும் என்று யோசித்துக்கொண்டு போனார். பிறகு, முறையை மீறி, கண்ணாடியில் முகங்களைப் பார்த்தார். எல்லாம் தெரிந்த முகங்கள். இடப்பக்கம் ஐந்தாம் வரிசையில், நடைபாதையோர இருக்கையில் மேரிகிறேஸ். யன்னலோர இருக்கையில் ஒருவரும் இல்லை. காலையில் அவர் அதில் இருக்கப் போனபோது, "அதிலை இராதையுங்கோ" என்று தடுத்தாள். தனியாக இருக்க விரும்புகிறாள் என்று எண்ணி விட்டுவிட்டார்.

இப்போது வேறொன்றும் ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமை போகும்போது பத்து நிமிடத்துக்கு ஒருதரம் "ஜெரோசன் வந்தா", "ஜெரோசனுக்கு விசா" என்று பஸ் முழுக்கக் கேட்கக் கதைத்துக்கொண்டு வந்தவள், சுரங்கத்தால் ஏறிய பிறகு அவன் பெயரை ஒருதரமும் எடுக்கவில்லை. மனம் கேளாமல், தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுக்கும் சாட்டில் மூன்றுமுறை சொல்லப் போனார். ஒவ்வொரு முறையும் அவள் அவரை ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்து, "நீங்கள் மருந்து போட்டியளோ? போய் முன்னுக்கு இருங்கோ" என்று அனுப்பினாள்.

ஆறரை மணியளவில் வைலெ நகரத்துப் பெரிய பாலம் வந்தது. வெயில் சாய்ந்திருந்தது. கடல் நிலத்துக்குள் நுழைந்து களப்பாகக் கிடந்தது. இரண்டு பக்கமும் தண்ணீரைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. ஒவ்வொருவரும் எந்தத் தண்ணீரை நினைக்கிறார்கள் என்று கேட்கத் தேவையில்லை. வீட்டுக்கு இன்னும் ஒரு மணித்தியாலங்கூட இல்லை. ஸ்ரனிஸ்லாஸால் இதற்குமேல் மறைக்க முடியவில்லை. எழும்பி, கம்பிகளைப் பிடித்துக்கொண்டு ஐந்தாம் வரிசைக்குப் போனார்.

"மேரி, கொஞ்சம் அரக்கி இடம் விடும். உம்மோடை ஒரு கதை."

"ஒரு நிமிசம் பொறுங்கோ" என்றாள் அவள்.

அவள் அவரைப் பார்த்துச் சொல்லவில்லை. மடியிலிருந்த பையை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இரண்டு முழங்காலையும் நடைபாதைப் பக்கமாகத் திருப்பினாள். உள்ளே இருக்கிறவர் வெளியே வர, நடைபாதையோரம் இருப்பவர் வழி விடுவதுபோல. அவளுடைய கண் மெல்ல மேலே போயிற்று, ஒரு ஆளின் உயரத்துக்கு. பிறகு பஸ்ஸின் பின்பக்கமாகத் திரும்பி, சிறிது நேரம் அங்கேயே நின்றது. ஸ்ரனிஸ்லாஸ் தன்னை அறியாமல் ஒரு அடி விலகி நின்றிருந்தார். ஏன் விலகினார் என்று பிறகு எத்தனையோ தரம் யோசித்திருக்கிறார்.

"இப்ப இருங்கோ."

அவர் யன்னலோரம் போய் இருந்தார். இருக்கையில் சூடும் இல்லை, ஈரமும் இல்லை. வெறும் இருக்கை.

"மேரி, நேற்று யசிந்தா எடுத்தது மழைக்கதை சொல்ல இல்லை."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"வியாழக்கிழமை விடிய. தண்ணிக்கை. பிள்ளை தப்பீட்டுதாம், என்ன?"

நாளையும் பிள்ளையையும் அவர் எவரிடமும் சொல்லவில்லை, நிக்கலஸிடம்கூட.

"உமக்கு ஆர் சொன்னது?"

மேரிகிறேஸ் அவருடைய கையை எடுத்து, நாடி பார்க்கிறவள்போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "ஆத்துக்குக் கீழை நடந்து வரேக்கை சொன்னவன். அத்தானுக்குப் பிரஷர், வழியிலை சொல்லிப்போடாதை அக்கா, வீட்டை போய்ச் சொல்லு எண்டான். அதுதான் நான் ஒண்டும் சொல்லேல்லை."

பாலம் முடிந்து கரை வந்தது. அதற்குப் பிறகுதான் அவள் அழத் தொடங்கினாள். சத்தம் கேட்டு விமலராணி அக்கா எழும்பி வந்தாள். ஒருவரும் என்ன என்று கேட்கவில்லை. தவராஜா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

ஏழேகாலுக்கு இக்காஸ்ட் ரயில் நிலையத்தின் முன்னால் பஸ் நின்றது. வெளிச்சம் இன்னும் இருந்தது. பிரேபன் கதவடியில் நின்று, இறங்க இறங்கக் கருவியை அமத்தினான். ஸ்ரனிஸ்லாஸ் எண்ணாமல் இறங்கினார். மேரிகிறேஸ் கடைசியாக இறங்கினாள். பிரேபன் கருவியைப் பார்த்தான், பஸ்ஸுக்குள் ஏறிக் கடைசி வரிசை வரை போனான், கழிவறைக் கதவைத் திறந்து பார்த்தான், திரும்பி வந்தான்.

"நாற்பத்தெட்டு" என்றான். "ஓராளைக் காணவில்லை. பாட்போரில் விட்டுவிட்டோமா? நான் திரும்பிப் போக வேணும்."

ஸ்ரனிஸ்லாஸ் வாயைத் திறந்தார். பதினொரு வருடமாகச் சொல்லிவந்த வசனம்தான்: எல்லாரும் வந்துவிட்டார்கள், ஒருவரும் குறையவில்லை. அது வரவில்லை.

மேரிகிறேஸ் மூக்கைத் துடைத்துக்கொண்டு, தொழிற்சாலையில் பழகிய தன் டேனிஷில் சொன்னாள்: "அவர் பாலத்தில் இறங்கிவிட்டார்."

"பாலத்தில் நான் நிறுத்தவில்லையே" என்றான் பிரேபன். "அங்கே நிறுத்தக்கூடாது."

"ஓம்" என்றாள் அவள். "தெரியும்."

பிரேபன் இருவரையும் மாறிமாறிப் பார்த்தான். பிறகு கருவியின் பக்கத்திலிருந்த சிறிய குமிழைத் திருகி, எண்ணைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, சட்டைப்பையில் போட்டான்.

மேரிகிறேஸ் பையைத் தோளில் கொழுவினாள். "இஞ்சருங்கோ," என்றாள் கணவரிடம், "சுவாமியாருக்கு இப்பவே ஒருக்கா ரெலிபோன் எடுங்கோ. நாளையப் பூசைக்குத் தம்பியின்ரை பேரைக் குடுக்கோணும்."