பன்னிரண்டில் நின்ற வளையம்

ராய்ஸ் டன்லவி சுட்டதும் கொம்பன் விழுந்தது. எதிர்ச் சரிவில், ஐந்நூற்றுப் பத்து கஜம் தள்ளி, முன்னங்கால்கள் மடிந்து சேஜ் புதருக்குள் சரிந்தது. நல்ல வளர்ந்த ஆண் எல்க் மான்.

"ஆச்சு," என்றான் ராய்ஸ் சத்தமாக. அந்த முகட்டில் அதைக் கேட்க யாரும் இல்லை.

துப்பாக்கியை ஓரமாகச் சாய்த்துவிட்டு, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு எழுந்தான். பையைத் தோளில் மாட்டி நிமிர்ந்தபோது கொம்பனும் எழுந்து நின்றிருந்தது. தண்ணீரிலிருந்து ஏறிய நாய்போல உடம்பை உதறியது. அவன் மறுபடி குப்புறப் படுத்து, துப்பாக்கியின் தொலைநோக்கியான ஸ்கோப்பில் கண் வைப்பதற்குள் ஆஸ்பென் மரங்களுக்குள் புகுந்து, மேட்டைத் தாண்டி மறைந்துவிட்டது.

அப்போதுதான் ஸ்கோப்பின் வளையத்தைப் பார்த்தான். பன்னிரண்டில் நின்றது.

எங்கள் பள்ளத்தாக்கில் பாதிப் பேர் வைத்திருக்கும் ஸ்கோப்தான் அது. நடுவில் குறுக்குக் கோடு. அது இருநூறு கஜத்துக்கு. அதன் கீழே சின்னச் சின்னக் கோடுகள், முந்நூறுக்கு, நானூறுக்கு, ஐந்நூறுக்கு. தூரம் கூடக் கூடக் குண்டு தாழ்ந்து போகும், அதனால் கீழே உள்ள கோட்டை மிருகத்தின் மேல் வைத்துச் சுட வேண்டும். ஆனால் உருவத்தைப் பெரிதாக்கும் வளையம் கடைசி எண்ணான பதினாலில் இருந்தால்தான் அந்தக் கோடுகளை நம்பலாம். கொஞ்சம் குறைத்து வைத்தாலும் குண்டு மேலே போய்விடும். மரங்களுக்குள் கொம்பனைத் தேடுவதற்காக ராய்ஸ் வளையத்தைக் குறைத்திருந்தான். திருப்பி ஏற்ற மறந்துவிட்டான்.

முன்பெல்லாம் இதை மறக்க வழியே கிடையாது. பக்கத்தில் வெர்னா படுத்திருப்பாள். பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமலே, "வளையம்?" என்பாள். அவன் பதில் சொன்ன பிறகுதான் தூரத்தைச் சொல்வாள். இருபது வருஷம் அவன் மனைவியாக இருந்தவள். பிறகு ஒரு வசந்தத்தில், "உன்கூட இருந்தாலும் தனியாத்தான் இருக்கேன், அதுக்குத் தனியாவே இருந்துட்டுப் போறேன்," என்று சொல்லிவிட்டு, முகட்டுக்கு அந்தப் பக்கம் அவள் அப்பா விட்டுப்போன ஆட்டுப் பண்ணைக்குக் குடிபோனாள். சண்டை எதுவும் இல்லை. ராய்ஸ் சண்டை போடக்கூட வாய் திறக்காதவன்.

ரத்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு ஏறினான். மெல்லிய பனியில் துளிகள் தெளிவாகத் தெரிந்தன. தடம் நேராகப் போய் ஒரு கம்பி வேலியைத் தாண்டியது. மேல் கம்பியில் மயிர்க் கொத்து ஒட்டியிருந்தது. வெர்னாவின் வேலி.

எங்கள் ஊரில் கேட்காமல் அடுத்தவர் நிலத்தில் கால் வைப்பதில்லை, அடிபட்ட மிருகத்தைத் தேடியானாலும் சரி. ராய்ஸ் கம்பியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றான். பிறகு இறங்கி, பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு சுற்றுப் பாதையில் அவள் வீட்டுக்குப் போனான்.

கதவைத் திறந்த வெர்னா அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாரு செத்தது?"

"யாரும் சாகல. அதான் பிரச்சினை."

அவள் சிரிக்கவில்லை. அவன் தொப்பியைக் கழற்றினான்.

"ஒரு கொம்பன். அடிபட்டு உன் வேலியத் தாண்டிடுச்சு. உள்ள போய்த் தேடணும். கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"எவ்வளவு தூரத்துல சுட்ட?"

"ஐநூத்திப் பத்து."

"வளையம்?"

ராய்ஸ் தன் பூட்ஸைப் பார்த்தான். "பன்னெண்டு."

"அட கடவுளே, ராய்ஸ்."

"மறந்துட்டேன்."

"கொஞ்சம் கீழ இறங்கிப் போயிருக்கலாமே? ஓடைப் பக்கம் நல்ல மறைவு இருக்கு."

"முழங்கால் விடல."

"முழங்கால் விடலன்னா வீட்ல உக்காந்து டிவி பாரு. ஒரு ஜீவன எதுக்குப் பாதி உசுரா விடுற?"

அவள் ஆணியில் தொங்கிய ஜாக்கெட்டை எடுத்தாள். அடுக்களை அலமாரியிலிருந்து பைனாகுலரையும் தூரமானியையும் எடுத்தாள்.

"என் வண்டில போலாம். பூட்ஸ தட்டிட்டு ஏறு."

தடத்தைக் கண்டதும் வெர்னா மண்டியிட்டு ரத்தத்தை விரலில் தொட்டுப் பார்த்தாள். "நுரை இல்ல. நுரையீரல்ல படல. முதுகெலும்புக்கு மேல உரசியிருக்கு, அந்த அதிர்ச்சியிலதான் விழுந்திருக்கு." அவனும் அப்படித்தான் நினைத்திருந்தான். இருவரும் தடத்தின் இரு பக்கமாக நடந்தார்கள். அவன் முழங்காலுக்காக அவள் மெதுவாக நடக்கிறாள் என்பது அவனுக்குப் புரிந்தது. அவள் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

மதியத்துக்கு மேல், ஒரு பள்ளத்துக்கு அப்பால், பெட்டை மான்களோடு கொம்பன் நின்றிருந்தது. முதுகின் மேல்பக்கம் கறுத்திருந்தது. தலையைத் தாழ்த்தி நின்றதே தவிர மேயவில்லை. இதற்குமேல் நெருங்கினால் பெட்டைகள் பார்த்துவிடும்.

வெர்னா தன் ஜாக்கெட்டைச் சுருட்டி ஒரு பாறைமேல் வைத்தாள். அவன் அதன்மேல் துப்பாக்கியை வைத்துப் படுத்தான். அவள் பக்கத்தில் படுத்தாள்.

"வளையம்?"

"பதினாலு."

"கண்ணால பாத்துச் சொல்லாத. கையால திருப்பிப் பாரு."

திருப்பிப் பார்த்தான். அதற்குமேல் திரும்பவில்லை. "பதினாலுதான்."

"நானூத்தி முப்பது. நானூறு கோட்டுக்கும் ஐநூறு கோட்டுக்கும் நடுவுல, மேல இருந்து மூணுல ஒரு பங்கு. இடதுபக்கம் பாத்து நிக்குது, காத்தும் இடதுல இருந்துதான். தோளோட முன் ஓரத்துல வை. அவசரமில்ல."

அவள் குரல் அவன் காதை ஒட்டித் தாழ்ந்து ஒலித்தது. அவ்வளவு அருகில் யாரும் அவனிடம் பேசி வருஷக்கணக்காகிவிட்டது. மூச்சு நிலைக்க வழக்கத்தைவிட அதிக நேரம் பிடித்தது. காத்திருந்து சுட்டான்.

கொம்பன் சில அடி நடந்து, பக்கவாட்டில் விழுந்தது. இந்த முறை இருவரும் எழவில்லை. வெர்னா பைனாகுலரை இறக்காமல் வெகுநேரம் பார்த்தாள்.

"சரி," என்றாள் கடைசியில். "உசுரு போயிடுச்சு."

தோலை உரித்து, தொடை, தோள், முதுகுச் சதை என்று பிரித்துத் துணிப்பைகளில் போட்டார்கள். "இன்னும் கத்தியத் தீட்ட மாட்டியா? இதால வெண்ணெயக்கூட வெட்ட முடியாது," என்று அவள் கேலி செய்தாள். ராய்ஸுக்கு எங்கிருந்தோ பேச்சு வந்தது. குச்சிகளை அடுக்கித் தன் வாய்க்காலை அடைத்த பீவர் பிராணியைப் பற்றிச் சொன்னான். அதை விரட்டப் போய்த் தானே தண்ணீரில் விழுந்ததைச் சொன்னான். வெர்னா வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு தந்த தைரியத்தில் கேட்டான்.

"அடுத்த வருஷம் வர்றியா? என்கூட, வேட்டைக்கு?"

அவள் பனியை அள்ளிக் கையிலிருந்த ரத்தத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல, ராய்ஸ்."

அவன் தலையாட்டினான்.

"அது வலியோட அலையக்கூடாதுன்னு வந்தேன். கோபத்துல சொல்லல. இன்னிக்கு நல்லாத்தான் பேசின. ஆனா நடுவுல ஒரு மிருகம் கிடந்தாத்தான் உனக்குப் பேச்சு வருது. அது இல்லாத நாள்தான் ஜாஸ்தி."

"தெரியும்," என்றான்.

இறைச்சியில் பாதி எடுத்துக்கொள்ளச் சொன்னான். அவள் ஒரு முன்தோளை மட்டும் எடுத்துக்கொண்டாள். அவள் வீட்டு வாசலில் நின்ற அவன் பிக்கப்பில் மற்றதை ஏற்ற உதவிவிட்டு, "பாத்து ஓட்டு, பாலத்துமேல வழுக்கும்," என்று சொல்லி உள்ளே போனாள். அவன் வண்டி நகர்வதற்குள் அடுக்களை விளக்கு எரிந்தது.

வீட்டில் அவன் இறைச்சியை ஒவ்வொரு பையாகத் தூக்கிக் கொட்டகையில் தொங்கவிட்டான். உள்முதுகுச் சதையில் கொஞ்சம் அறுத்து, வெங்காயத்தோடு வெண்ணெயில் வறுத்தான். ஒருவருக்கு அது அதிகம். மேஜையில் உட்கார்ந்து மெதுவாகச் சாப்பிட்டான். ரேடியோவில் யாரோ நாளைய வானிலையைச் சொன்னார்கள். "சரி," என்று ரேடியோவுக்குப் பதில் சொன்னான்.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு அக்டோபரிலும் அவன் போகிறான், தனியாகத்தான். முந்நூறு கஜத்துக்கு மேல் இப்போது சுடுவதில்லை. முழங்கால் இறங்கவிடாத நாட்களில் கொம்பன்களைப் பார்த்துவிட்டு வெறும் வண்டியோடு திரும்பிவிடுகிறான். போன பருவத்தில் தீவனக் கடை வாசலில் வெர்னா அவனைப் பார்த்து, "கிடைச்சுதா?" என்று கேட்டாள்.

"பாத்தேன். தூரமா இருந்துச்சு."

"ம்," என்றாள். ஆடுகளுக்கான உப்புக் கட்டிகளை அவள் வண்டியில் ஏற்ற அவன் கை கொடுத்தான். பிறகு அவள் வடக்கே போனாள், அவன் தெற்கே போனான்.