அழகுமலை சொன்ன முதல் விலை

தேவதானப்பட்டி மாட்டுத் தரகர் அழகுமலையின் மீசைக்கு ஒரு முனை ஊரிலும் மறுமுனை கெங்குவார்பட்டியிலும் இருந்தது என்றால், அதில் பாதியாவது நிஜம். அந்த மீசையைத்தான் 2001இல் அவர் பந்தயம் கட்டினார்.

அப்போது டிவியில் பகல் பதினொன்றரைக்கு ‘ஒரு சொல், ஒரு நட்சத்திரம்’ என்று ஒரு போட்டி. சீரியல் நடிகர் ஒருவர் ஒவ்வொரு சொல்லாகத் துப்பு கொடுப்பார். ஜோடி சேர்ந்தவர் மறைந்திருக்கும் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். அழகுமலைக்கு அழைப்பு வந்ததும், சக தரகர் பொன்னுராஜ் சந்தை நடுவில் கொளுத்திப்போட்டார்.

“ஏலே, நீ ஜெயிச்சு வந்தா எம் மீசைய எடுத்துர்றேன். தோத்தா ஒம் மீச!”

“சலூன்ல இப்பமே சொல்லி வையி. ஒனக்குத்தான்!”

சென்னையில் ஜோடியாக வாய்த்தவர் வில்லன் நடிகர் சூரியபிரகாஷ். சீரியலில் பதினேழு மாமியார்களை அழவைத்தவர். மணி அடித்தது.

“தும்பிக்கை” என்றார் அவர்.

பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அழகுமலைக்கும் தெரிந்தது. ஆனால் முப்பது வருடத் தரகு வாய் அது. எடுத்த எடுப்பில் சரியான விலையைச் சொல்லிப் பழக்கமில்லை.

“எலி” என்றார்.

சூரியபிரகாஷ் விழித்தார். “தந்தம்!”

“ஆடு.”

“பாகன்!”

“சரி, உங்களுக்காக வேணா... எருமை.”

“யோவ், யானைய்யா!”

வில்லனே அழுதுவிட்டார். விடையை அவரே உளறியதால் ஆட்டம் போச்சு. ‘இன்னும் ஒரே படி ஏறியிருந்தால் யானைதானே!’ என்று புலம்பியபடி பஸ் ஏறினார் அழகுமலை.

அவர் ஆடியது ஒளிபரப்பாகுமுன்பே, தொடங்கிய ஏழே வாரத்தில், போட்டியை மூடிவிட்டார்கள். தோற்றது ஊரில் ஈ எறும்புக்கும் தெரியாது. ஆனால் மாட்டு விலையில் ஆயிரம் சொல்வாரே தவிர, பந்தயத்தில் அழகுமலை பொய் சொல்ல மாட்டார். நேரே பொன்னுராஜிடம் போய் நின்றார்.

“தோத்துட்டேன்யா.”

பொன்னுராஜ் மேலும் கீழும் பார்த்தார். அழகுமலையின் முதல் பேச்சை நம்பி அவர் ஒரு கன்றுக்குட்டிகூட வாங்கியதில்லை.

“இது மொத வெல. படிஞ்ச வெலயச் சொல்லு. மிக்ஸி குடுத்தாகளா?”

“ஆத்தா சத்தியமா தோத்துட்டேன்!”

“சத்தியம் பண்றியா? அப்ப கிரைண்டரு!”

“வாய்யா சலூனுக்கு! இப்பமே எடுத்துர்றேன்!”

“மீசையவே குடுக்கத் துணிஞ்சுட்டானே! ஏலே, இது ஃபிரிட்ஜுடா!”

சந்தை மொத்தமும், மாடுகள் உட்பட, கைதட்டியது. பொன்னுராஜும் வாக்குத் தவறாதவர். அழகுமலை காலைப் பிடித்து இழுக்க இழுக்க, சலூன் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து மூக்குக்குக் கீழே வழவழவென்று ஆக்கிக்கொண்டார்.

வீட்டுக்குச் சேதி முன்னதாகவே போய்ச் சேர்ந்திருந்தது. மனைவி பவுனு அரிசி மூட்டையை நகர்த்திவிட்டு, அந்த மூலையை முழம் போட்டு அளந்துகொண்டிருந்தாள்.

“இங்கன வச்சா ஃபிரிட்ஜுக் கதவு முழுசாத் திறக்குமா, வந்து பாருங்க.”