விட்டுவிட்டுப் போட்ட கோடு

சந்தை வாசலுக்கு ஒரு கூப்பிடு தூரத்தில் லாரி நின்றுவிட்டது. முன்னால் அச்சு முறிந்த தண்ணீர் வண்டி ஒன்று பாதையை அடைத்துக் கிடந்தது. எதிர்ப்பக்கம் சாலை காலிதான். ஆனால் நடுவில் முழு வெள்ளைக்கோடு. ஆளில்லாமல் ஓடுகிற லாரி. சட்டப்படி கோட்டைத் தாண்டாது.

உள்ளே மீன்பெட்டிகள். சந்தைக்குள் போய் நின்றால்தான் திறக்கும் பின்கதவின் அடியில் ஐஸ் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. சந்தை மூடும் சங்கு ஊதினால் வாசலைப் பூட்டிவிடுவார்கள். அதற்குள் பெட்டி இறங்காவிட்டால் சுமைக்காரர்கள் ஒருவருக்கும் இன்று கூலி இல்லை.

"கெஞ்சியும் பாத்தாச்சு, திட்டியும் பாத்தாச்சு," என்றான் நெட்டையன், லாரியின் முகப்பில் தட்டியபடி. "மொத நாள் மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ள மாதிரி நிக்கிது."

"நீ அப்படியா நின்ன? நேரா அடுப்படிக்கில்ல போன," என்றாள் அவன் மனைவி. அவளும் பெட்டி சுமக்கிறவள்தான். கோட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏய்யா, விட்டுவிட்டுப் போட்ட கோடுன்னா தாண்டும்ல?"

"தாண்டும். அதுக்கு?"

"ஆக்கிட்டாப் போச்சு!"

தோளில் கிடந்த கோணியை உருவி வெள்ளைக்கோட்டின் மேல் விரித்தாள். இடைவெளி விட்டு இன்னொன்று. புரிந்ததும் சுமைக்காரர்கள் அத்தனை பேரும் தங்கள் கோணிகளோடு பாய்ந்தார்கள்.

"நேராப் போடு பெருசு! உன் பொழப்பு மாதிரி கோணலாப் போடாத!" என்று ஒருவன் கிழவர் ஒருவரை விரட்டினான்.

லாரியின் பக்கவிளக்கு மினுக்கியது. சக்கரம் மெல்லத் திரும்பி, கோணியை மிதித்து, மறுபக்கம் ஏறியது. விசில் பறந்தது. அவள் ஒரு கோணியைத் தலைக்குமேல் சுழற்றிக்கொண்டு லாரிக்கு முன்னால் ஓடினாள். சிரிப்பில் வயிறு வலித்தது. வாசலருகே காவலர் ஒருவர் அவள் கையைப் பிடித்தார்.

"ரோட்டுக் கோட்ட மறைச்சது நீதான? பாத்துட்டுத்தான் நிக்கிறேன்."

"கோட்டத் தாண்டுனது வண்டி சார்!"

"அதுக்கு என்ன தெரிஞ்சுதோ அதுப்படி போச்சு. அதுமேல கேஸ் இல்ல. ஸ்டேஷனுக்கு நட."

"பெட்டிய எறக்கிட்டு வந்துடறேன் சார், கூலி போயிடும்..."

"நட!"

நெட்டையன் மூச்சிரைக்க ஓடிவந்தான். "நீ பெட்டியப் பாரு, போ!" என்று கத்தினாள். "ஒரு கூலியாவது மிஞ்சட்டும்!"

காவல் நிலையம் எதிர்ப்புறம் இருந்தது. காவலர் அவளை இழுத்துக்கொண்டு, பாதசாரிகள் கடக்கும் பட்டைக்கோடுகளில் இறங்கினார். பின்னால் மெல்ல வந்துகொண்டிருந்த மீன் லாரி, பட்டைக்கு ஒரு முழம் முன்னால் அலுங்காமல் நின்றது. அவளுடைய பின்னங்கால் கடைசிப் பட்டையை விட்டு எழும்வரை காத்திருந்தது. பிறகு வாசலுக்குள் நுழைந்தது.