தன் கையால் வெட்டிய சீவாளி

குழலின் நாணல் சீவாளி பிளந்திருப்பதை ஆர்கிரோ நாக்கில்தான் முதலில் உணர்ந்தாள். நுனியிலிருந்து கட்டு வரை மயிரிழையாய் ஒரு கோடு. நனைத்த சீவாளியைக் காரின் முன்கண்ணாடி அருகே வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போனது அவள்தான். கிரேக்கத்து டெல்பியின் ஜூன் வெயில் தெரியாதவளும் அல்ல. மாற்றுச் சீவாளிகள் லிவாதியாவில், அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்து இழுப்பறையில் கிடந்தன. இரட்டைக்குழலுக்கு மீதமிருந்த ஒரு சீவாளி போதாது.

அவள் வாசிக்க வந்திருந்த பழைய இசைப்போட்டிக்கு மீண்டும் உயிர் கொடுத்தவர்கள் ஒரு விதியை விட்டுக்கொடுக்கவில்லை. நாணல் வெட்டுவது முதல் நூல் கட்டுவது வரை வாசிப்பவரே செய்திருக்க வேண்டும். மேடையேறும் முன் சீவாளிகளை உள்ளங்கையில் காட்டி, புனிதமான லாரல் மரக்கிளையின்மேல் கைவைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். பொய் தெரிந்தால் இனி எந்த ஆண்டும் இடமில்லை. சீவாளி கொடுத்தவருக்கும் இல்லை.

அவளுக்கு அடுத்து வாசிக்க வேண்டிய ஸோதிரிஸ் பக்கத்தில் வந்து நின்றார். இத்தேயா துறைமுகத்தில் வலை பின்னுகிறவர்.

"என்னம்மா இப்படி வெளுத்துப்போய் நிக்குற? உங்க லேப்ல உன் ரத்தத்தையே உறிஞ்சிட்டாங்களா?"

அவள் சீவாளியைக் காட்டினாள். அவர் சிரிப்பை நிறுத்தினார். தன் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து அவள் கையில் திணித்தார்.

"வாய்க்குள்ள போனப்புறம் யார் வெட்டினதுன்னு நாணலா சொல்லப்போகுது?"

"மாட்டினா உங்களுக்கும் போச்சுண்ணே."

"பதினோரு வருஷமா எனக்கு மூணாவது இடம்தான். போய் வாசி."

முன்வரிசையில் அவர் மனைவி விசிறிக்கொண்டிருந்தாள்.

பெயர் அழைத்தார்கள். லாரல் இலைகள் சூடாக இருந்தன. நடுவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு அவள் உள்ளங்கையைப் பார்த்தார். ஒன்றில் வெள்ளை நூல், மற்றதில் நீலம்.

"நூல் தீர்ந்துபோச்சாம்மா?"

ஆமாம் என்று தலையாட்டினாள். சத்தியமும் செய்தாள். குரல் பிசிறவில்லை. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. ஊதும்போது கன்னம் உப்பாதிருக்க முகத்தைச் சுற்றித் தோல்வாரைக் கட்டிக்கொள்ளும்போதுதான் நினைவு வந்தது: ஸோதிரிஸ் எல்லாவற்றையும் வலை நூலால் கட்டுகிறவர். நீல நூல்.

ஒருவர் வாசிக்கத் தயாராகும்போதே அடுத்தவரின் சத்தியத்தை வாங்கிவிடுவது வழக்கம். ஸோதிரிஸை அழைத்தார்கள். சீவாளிகளை உதட்டில் வைத்தாள். நனைக்க வாயில் எச்சில் இல்லை. ஸோதிரிஸ் லாரல் கிளையின்மேல் இடதுகையை வைத்தார். நடுவர் குனிந்து காத்திருந்தார். சீவாளிகள் இருந்த வலதுகை இன்னும் மூடியே இருந்தது.